விரல் வைக்கிற நாள்

நாங்கள் மடக்குக் கத்தி செய்கிற குடும்பம். இதைச் சொன்னதும் ஆட்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்து நிற்பார்கள். பயப்படத் தேவையில்லை. எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பேசாமல் இருந்தே ஒருவரை ஒருவர் சாகடிப்போம். கத்தியைத் தொட்டால் சோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அந்தத் தொல்லை யாருக்கு வேண்டும்.

மடக்குக் கத்தியில் வெட்டுவது கஷ்டமே இல்லை. அதை எந்தத் தகரமும் செய்யும். விரித்த அலகு விரித்தபடியே நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். பாதி வேலையில் அது மனம் மாறி மடங்கினால், மடங்குகிற வழியில் உங்கள் விரல்கள் நான்கும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு கத்தியின் வயிற்றுக்குள்ளும் ஒரு பூட்டு வைக்கிறோம். சாதாரணப் பூட்டு என்றால் ஒரு சின்ன எஃகுத் தகடு. அலகை விரித்ததும் அது நகர்ந்து வந்து அலகின் அடிமுனையான குதிகாலுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். மூடும்போது கட்டைவிரலால் அதைத் தள்ளிவிட வேண்டும். எத்தனையோ பேர் இந்தத் தகட்டை நம்பி நிம்மதியாகப் பழம் நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். என் கொழுந்தனுக்கு மட்டும் அது போதவில்லை.

கொழுந்தனைப் பட்டறையில் எல்லாரும் விஞ்ஞானி என்பார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான். வருஷத்துக்கு ஒரு பூட்டு கண்டுபிடிப்பான். ஒரு வருஷம் காந்தப் பூட்டு. அதை வாங்கிய தையல்காரர் ஒருவர் எங்களுக்கே திருப்பி அனுப்பினார். பெட்டியைத் திறந்தால் கத்தியே தெரியவில்லை, முள்ளம்பன்றி மாதிரி குண்டூசிதான் தெரிந்தது. அடுத்த வருஷம் வளையப் பூட்டு. கத்தியின் கழுத்தில் ஒரு வளையம். மடக்க வேண்டுமானால் அதை இடப்பக்கம் ஒன்றரைச் சுற்று, வலப்பக்கம் அரைச் சுற்று, மறுபடி இடப்பக்கம் ஒரு சுற்று திருப்ப வேண்டும். ஒருவர் அந்த முறையை மறந்துபோய், மடக்க வழியில்லாமல், விரித்த கத்தியோடு வங்கிக்குள் நுழைந்துவிட்டார். அவரை விடுவிக்கப் போன என் மாமனார், இது வெறும் பழக்கத்தி என்று நிரூபிப்பதற்காகக் காவல் அதிகாரியின் முன்னால் அதை மடக்கப் பார்த்து, தானும் முடியாமல் நின்றார். அதற்கப்புறம் தலைகீழ்ப் பூட்டு. கத்தியைத் தலைகீழாகப் பிடித்தால்தான் உள்ளே இருக்கும் குண்டு நகர்ந்து அலகுக்கு வழிவிடும். மல்லாந்து படுத்துக்கொண்டு பழம் சீவுகிற ஆள் ஒருவன் இருப்பான் என்று விஞ்ஞானிக்குத் தோன்றவில்லை. இருந்தான். மூன்று தையல்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், புகார் மேஜை என்னுடையது. பொட்டலம் கட்டும் கூடத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, திரும்பி வந்த கத்திகள் நிறைந்த இரண்டு இழுப்பறை. கல்யாணமாகி வந்ததும், "படிச்ச பொண்ணு, கடிதாசி எல்லாம் பாத்துக்கட்டும்" என்று மாமனார் என்னை அங்கே உட்காரவைத்தார். பதினொரு வருஷம் ஆகிறது. இந்தக் குடும்பத்தில் கத்தி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கத்தியைத் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கத்தியை வாங்குகிறவர்கள் எப்படிப்பட்ட ஜென்மங்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அவர்கள் கத்தியால் வர்ண டப்பா திறப்பார்கள். செருப்பில் ஒட்டிய தாரைச் சுரண்டுவார்கள். ஆணி பிடுங்குவார்கள். பிறகு முனை உடைந்துவிட்டது என்று மூன்று பக்கத்துக்கு எங்களைத் திட்டுவார்கள். நானும் பதிலுக்கு மனசுக்குள் திட்டிவிட்டு, மரியாதையாக எழுதுவேன். ஆனால் ஒரு கடிதத்துக்கு மட்டும் என்னால் பதில் எழுத முடியவில்லை. எழுத்தெல்லாம் கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, குழந்தை எழுதியது போல இருந்தது. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. அந்த மனிதர் இடது கையால் எழுதியிருக்கிறார். வலது கையால் எழுத முடியாமல் போனதைப் பற்றித்தான் கடிதமே. அவர் திட்டவே இல்லை. "நான் சரியாகப் பிடிக்கவில்லையோ என்னவோ" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நான் அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு விஞ்ஞானியின் பூட்டுகளைப் பார்த்து என்னால் முழுசாகச் சிரிக்க முடிந்ததில்லை.

என் மாமனாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டறை அவருடையது. அவருக்கு வலது ஆள்காட்டி விரல் பாதிதான். சின்ன வயதில் அவரே செய்த முதல் பூட்டு மீதியை வாங்கிக்கொண்டது. தொழிலாளிகள் அவருக்குப் பின்னால் ஒன்பதரை என்பார்கள். அவருக்குத் தெரியும். "பத்துன்னு சொன்னாத்தான் பொய்" என்பார். அந்தப் பாதி விரலோடு பட்டறைக்கு ஒரு சட்டமும் வந்தது. புதுப் பூட்டு கண்டுபிடித்தவன், அதைத் தயாரிக்க ஆரம்பிக்கும் முன், எல்லார் எதிரிலும் தன் விரலை அலகு மடங்கும் வழியில் வைக்க வேண்டும். வேறொருவர் கத்தியை விரித்து, கூர்ப்பக்கம் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகில் மரச்சுத்தியலால் மூன்று அடி அடிப்பார். பூட்டு தாங்கினால் தேறியது. தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மாமனார் கையை நீட்டியே காட்டுவார். மழுங்கிய கத்தியை வைத்துச் சோதிக்கக் கூடாது. புத்தம்புதிதாகத் தீட்டிய அலகுதான் வேண்டும். பைத்தியக்காரச் சட்டம்தான். ஆனாலும் அது வந்த பிறகு இந்தப் பட்டறையில் யாரும் அவசரப்பட்டுப் பூட்டு கண்டுபிடித்ததில்லை, விஞ்ஞானியைத் தவிர.

அவனும் கோழை இல்லை. காந்தம், வளையம், தலைகீழ் எல்லாவற்றுக்கும் விரல் வைத்தான். எல்லாம் தாங்கின. தலைகீழ்ப் பூட்டுக்கு அவன் விரல் வைத்தபோது கத்தி நேராக இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வருஷத்துப் பூட்டுக்கு அவன் விசுவாசி என்று பெயர் வைத்தான். எனக்கே முதலில் பிடித்துப்போனது, அதை மறைக்க மாட்டேன். பொத்தான் கிடையாது, வளையம் கிடையாது, தள்ளுகிற தகடும் கிடையாது. கைப்பிடியின் இரண்டு பக்கத் தகடுகளும் கொஞ்சம் அசையும். கையால் இறுக்கிப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஓர் ஆப்பு முன்னால் போய் அலகின் குதிகாலில் சொருகிக்கொள்ளும். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பூட்டும். பிடியை விட்டால் ஆப்பு பின்வாங்கும், அலகு பூப்போல மடங்கும். ஒரு கையால் திறக்கலாம், ஒரு கையால் மூடலாம்.

"கையோட பேசுற பூட்டு அண்ணி இது" என்றான், என் மேஜை மேல் கத்தியை வைத்து. "நம்பிப் புடிச்சா விடாது."

அன்று மாலை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு துணி கிளிப்பை எடுத்தேன். வாலை அமுக்கினேன், வாய் திறந்தது. ஈரத்துணியைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றேன். விசுவாசியின் தகடுகள் நடுவில் ஒரே ஓர் ஆணியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முன்பக்கம் அமுக்கினால் பூட்டும். பின்பக்கம் அமுக்கினால்? துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். என் மாமியார், "அடுப்புல எதாவது வெச்சியா?" என்று பின்னாலேயே கத்தினார்.

கைப்பிடியின் பின்முனையான வாலைப் பிடித்துக்கொண்டு, விரலுக்குப் பதில் ஒரு பென்சிலை வைத்து, மரச்சுத்தியலால் முதுகில் தட்டினேன். முதல் முறை தாங்கியது. இரண்டாவது முறையும் தாங்கியது. மூன்றாவது தட்டில் பென்சில் இரண்டாகி ஒரு துண்டு மேஜைக்கு அடியில் போய் விழுந்தது.

விஞ்ஞானியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் என் கையிலிருந்து வாங்கி, வாலைப் பிடித்து, பத்து முறை தட்டினான். பத்து முறையும் தாங்கியது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, நீங்க மணிக்கட்டைத் திருப்புறீங்க" என்றான்.

"நான் எதையும் திருப்பல. இது துணி கிளிப் தம்பி. வாலை அமுக்குனா வாய் திறக்குது."

துணி கிளிப் என்று சொன்னதுதான் தப்பாகிவிட்டது. ஒரு வருஷ உழைப்பை நான் கொடியில் தொங்கவிட்டதாக அவன் எடுத்துக்கொண்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஆப்பைத் தேய்த்து மெருகேற்றிய புது மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து, சரிசெய்தாகிவிட்டது என்றான். அதையும் நான் தட்டினேன். ஒன்பது முறை தாங்கியது. பத்தாவதில் பென்சில் போயிற்று. அவன் தட்டினான். தாங்கியது, தாங்கியது, தாங்கிக்கொண்டே இருந்தது.

எனக்கு மண்டை காய்ந்தது. அப்புறம்தான் நான் கத்தியைப் பார்ப்பதை விட்டு அவன் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். வாலில்தான் பிடிக்கிறான். ஆனால் சுத்தியல் இறங்குகிற நேரத்தில் அவன் கட்டைவிரல் மட்டும் தானாக முன்னால் ஊர்ந்துபோய் ஆப்பு இருக்கிற இடத்தை அமுக்கிக்கொள்கிறது. அவனுக்கே தெரியவில்லை. அவன் மட்டுமில்லை, என் வீட்டுக்காரரும் அப்படித்தான், மாமனாரும் அப்படித்தான். பல் முளைக்கும்போதே கத்தி பிடித்தவர்கள். கட்டைவிரல் முன்னால் இருக்க வேண்டும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வீட்டில் நூறு வருஷம் சோதித்தாலும் இந்தப் பூட்டு நூறு வருஷமும் தேறும். வாங்குகிறவன் வீட்டில்தான் அது தோற்கும்.

இழுப்பறையில் இருந்த பழைய கத்திகளை எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினேன். மொத்தம் நாற்பது. கைப்பிடியில் எந்த இடத்தில் சாயம் தேய்ந்திருக்கிறதோ அந்த இடத்தில்தான் அவரவர் பிடித்திருப்பார்கள். பதினோரு கத்திகளில் சாயம் வால்பக்கம் தேய்ந்திருந்தது. விஞ்ஞானியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இந்தப் பதினோரு பேருக்கும் கத்தி புடிக்கத் தெரியல" என்றான்.

"தெரியாதவங்கதான் காசு குடுத்து வாங்குறாங்க. தெரிஞ்சவங்க எல்லாம் இந்த வீட்டுலயே இருக்கீங்க."

"உங்களுக்கு என் பூட்டு ஜெயிக்கக் கூடாது. அதானே?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதினொரு வருஷமாக அவனுடைய குண்டூசியையும் வங்கியையும் மூன்று தையலையும் சமாளித்து அவன் மானத்தைக் காப்பாற்றியவள் நான். போகட்டும் என்று விடுகிற ஜாதி இல்லை நான். அப்போதே சோதனைப் புத்தகத்தை எடுத்து, விசுவாசி என்று அவன் எழுதியிருந்ததற்கு எதிரே, "வாலில் பிடித்தால் நிற்காது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீடு இரண்டாயிற்று. மாமியார் அவன் பக்கம். பிள்ளை இளைத்துப்போய்விட்டானாம். என் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"என் பக்கம் தீட்டுற கல்லு இருக்கு, நான் அங்க போறேன்" என்றார்.

அந்தக் கல்லின் சத்தத்தில் இத்தனை வருஷம் நின்றவரிடம் வேறு பதிலை எதிர்பார்த்தது என் தப்பு. மாமனார் புத்தகத்தை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"திங்கக்கிழமை விரல் வைக்கிறான். அன்னைக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

"மாமா, அன்னைக்கு இவர்தான் புடிப்பாரு. இவர் புடிச்சா எதுவுமே தெரியாது" என்றேன் என் வீட்டுக்காரரைக் காட்டி.

விஞ்ஞானி எழுந்தான். அவன் அண்ணன்தான் ஒவ்வொரு முறையும் கத்தியைப் பிடிப்பது. அந்தக் குறையும் இருக்க வேண்டாம் என்று நினைத்துவிட்டான் போல.

"அண்ணியே புடிக்கட்டும்பா. எப்படி வேணா புடிக்கட்டும். நான் விரல் வைக்கிறேன்" என்றான்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா இயந்திரங்களையும் நிறுத்தினார்கள். பட்டறை நடுவே அந்தக் கனமான மர மேஜை. சுற்றிலும் பதினான்கு தொழிலாளிகள், மாமனார், என் வீட்டுக்காரர். மாமியார் வரவில்லை, வீட்டில் இருந்துகொண்டே வயிறு எரிவதாகச் சொல்லி அனுப்பினார். முதலுதவிப் பெட்டி மேஜை ஓரத்தில் திறந்திருந்தது. பொட்டலம் கட்டுகிற அக்கா ஒரு வாளியில் பனிக்கட்டி கொண்டுவந்து வைத்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. துண்டான விரலைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துப்போனால் ஒட்டவைக்க முடியும் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் புதிதாகத் தீட்டிய அலகைத் தன் முன்கை முடியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். முடி உதிர்ந்தது. "பாத்து" என்றார். அவர் கணக்கில் அது நீண்ட பேச்சு.

விஞ்ஞானி சட்டைக்கையை மடித்துவிட்டு, மேஜை விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்தான். கைப்பிடியின் பிளவுக்கு நேர் கீழே, அலகு மடங்கி வந்து உட்காருகிற இடத்தில். நகத்தில் எண்ணெய்க் கறை. இந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் என் மகள் நடை பழகினாள். அவள் சித்தப்பாவைத் தவிர வேறு யார் விரலும் அவளுக்கு ஆகாது.

"புடிங்க அண்ணி" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

வலது கையால் கத்தியின் வாலைப் பிடித்தேன். இடது கையில் மரச்சுத்தியல். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி அடித்துவிடலாம் என்று தோன்றியது. 'உங்களுக்கு என் பூட்டு ஜெயிக்கக் கூடாது' என்று சொன்ன வாய் அப்படியே திறந்து நிற்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அது ஒரு நொடிதான். அடுத்த நொடியில் என் கை தானாக முன்னால் நகர்ந்து ஆப்பு இருக்கிற இடத்தை இறுக்கிக்கொண்டது. அடித்தேன். தாங்கியது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. யாரோ கைதட்ட ஆரம்பித்து, மாமனார் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

இன்னும் இரண்டு அடி அடித்தால் விசுவாசி தேறிவிடும். நாளையிலிருந்து ஆயிரக்கணக்கில் செய்வார்கள். என் இழுப்பறையில் தேய்ந்து கிடந்த பதினோரு வால்களும் என் கண்முன் தெரிந்தன. இந்த ஒரு விரலைக் காப்பாற்ற வேண்டுமானால் நான் ஏமாற்றிப் பிடிக்க வேண்டும். ஏமாற்றிப் பிடித்தால் எங்கோ முகம் தெரியாத யாருடைய விரலோ போகும், அவர் அடுத்த வருஷம் இடது கையால் எனக்குக் கடிதம் எழுதுவார். நேர்மையாகப் பிடித்தால் இப்போதே, இங்கேயே, அந்த வாளிக்கு வேலை வரும். சுத்தியலை மேஜையில் வைத்தேன்.

"என்னால முடியாது" என்றேன்.

விஞ்ஞானி நிமிர்ந்தான். "பாத்தீங்களாப்பா? வால்ல புடிச்சா நிக்காதுன்னு புத்தகத்துல எழுதினவங்க, முன்னால புடிச்சு அடிச்சாங்க. அவங்களுக்கே தெரியும், பூட்டு நல்லாத்தான் இருக்கு."

"முன்னால புடிச்சேன், சரிதான். உன் விரல் போயிடுமேன்னு புடிச்சேன்."

"போகாது அண்ணி. நான் சொல்றேன்ல."

"அப்ப இடம் மாத்திக்கலாம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். மாமனாரின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டுச் சாக்பீஸ் இருக்கும். அதை வாங்கி, கறுப்புக் கைப்பிடியின் நடு ஆணிக்குச் சற்றுப் பின்னால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கத்தியையும் சுத்தியலையும் அவன் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, என் ஆள்காட்டி விரலை அவன் விரல் இருந்த இடத்தில் வைத்தேன். மர மேஜை அங்கே மட்டும் சூடாக இருந்தது.

"நீ புடி. உன் கட்டைவிரல் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மூணு அடி. தாங்குச்சுன்னா புத்தகத்துல நானே தேறிச்சுன்னு எழுதறேன், உன் கால்ல விழுந்து மன்னிப்பும் கேக்கறேன்."

"சட்டம் அது இல்லையே. கண்டுபுடிச்சவன்தான் விரல் வைக்கணும்" என்று யாரோ முனகினார்கள். என் வீட்டுக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். மாமனார் தன் பாதி விரலை உயர்த்தி அவரை நிறுத்தினார். எதையாவது சுட்டிக்காட்ட அந்த மனிதர் அந்த விரலைப் பயன்படுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விஞ்ஞானி கத்தியை எடுத்தான். கோட்டுக்குப் பின்னால் பிடித்தான். சுத்தியலைத் தூக்கினான். கட்டைவிரல் ஊர்ந்து கோட்டைத் தாண்டியது.

"தம்பி, கோடு."

பார்த்தான். அவன் முகத்தில் உண்மையான ஆச்சரியம். பின்னால் இழுத்துக்கொண்டான். மறுபடி சுத்தியலைத் தூக்கினான். மறுபடி கட்டைவிரல் முன்னால் போயிற்று. இந்த முறை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை, பதினான்கு தொழிலாளிகளும் ஒன்றாக "கோடு!" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்தது.

மூன்றாவது முறை கட்டைவிரலை மடக்கி, வாலோடு வாலாக அழுத்திப் பிடித்துக்கொண்டான். சாக்பீஸ் கோடு முழுசாகத் தெரிந்தது. சுத்தியல் மேலே போயிற்று. நான் அலகைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன். அவன் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தியல் மேலேயே நின்றது. கட்டைவிரல் மட்டும் முன்னால் போகப் பார்த்தது, அவன் இழுத்தான், மறுபடி போகப் பார்த்தது.

"அடி" என்றேன்.

"தாங்கும் அண்ணி."

"தாங்கும்னா அடி."

"தாங்கும். நிச்சயமாத் தாங்கும்."

"உனக்கு நிச்சயம். உன் கட்டைவிரலுக்கு இல்ல. பாரு அதை."

அவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மேஜையில் விழுந்தது. பிறகு சுத்தியலை மெதுவாக இறக்கி, சத்தம் வராமல் கீழே வைத்தான். என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை அங்கிருந்து எடுத்து, என் மடியில் கொண்டுபோய் வைத்தான்.

அவன் காதில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். அதை எடுத்து என் விரல் இருந்த இடத்தில் வைத்தான். கோட்டுக்குப் பின்னால் பிடித்தான். அடித்தான். தாங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கே, தாங்கித் தொலையட்டுமே என்று இருந்தது. மறுபடி அடித்தான்.

பென்சில் துண்டாகி வாளியில் போய் விழுந்தது.

மாமனார் புத்தகத்தைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் திறந்து கொடுத்தார். விஞ்ஞானி 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மாமனார் அதைப் படித்துவிட்டு, என்ன நினைத்தாரோ, மகனின் பின்னந்தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். அதற்கு மேல் பாசம் காட்ட அவருக்குத் தெரியாது. "போய் வேலையப் பாருங்க" என்று எல்லாரையும் பார்த்துக் கத்தினார். இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தன. என் வீட்டுக்காரர் போகும்போது என் தோளைத் தொட்டார். கை சில்லென்று இருந்தது.

மேஜையில் நாங்கள் இருவர்தான் மிச்சம். அவன் கத்தியை மடக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"அண்ணி" என்றான்.

"சொல்லு."

"நான் அடிச்சிருந்தா?"

"போயிருக்கும். ரெண்டாவது அடியில."

"தெரிஞ்சேவா வெச்சீங்க?" என்றான். "நான் அடிக்க மாட்டேன்னு என் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல அண்ணி என்று பெயர் கிடைத்திருக்கும். காலம் முழுக்க என் பேச்சைத் தட்டியிருக்க மாட்டான். ஆனால் அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"நம்பிக்கையாவது ஒண்ணாவது" என்றேன். "நீ அடிச்சிருவேன்னுதான் நெனச்சேன்."

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். பனிக்கட்டி முழுவதும் கரைந்து தண்ணீர் ஆகும் வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.